கட்டைவிரல் சொன்ன சேதி

தூத்துக்குடியில் ஸ்கூபா முக்குளிப்புச் சாமான் கடை வைத்திருந்த தனக்கோடி, பாதி ஆயுசைக் கடலுக்கடியில் கழித்தவர். அதாவது, அப்படிச் சொல்லிக்கொள்வார்.

அவர் கடைத் தையல்காரி ஜெனோவா புதுவிதமாக ஒரு கையுறை தைத்தாள். கலங்கிய தண்ணீரிலும் அதன் விரல்கள் மின்னும். முக்குளிப்பவர்கள் காட்டும் சைகை தெளிவாகத் தெரியும்.

"நாளைக்குக் கண்காட்சியில இது என் கண்டுபிடிப்பு. நீ ஒரு வார்த்தை பேசாம இதை வித்துக் காட்டணும். இல்லைன்னா வேலை கிடையாது" என்றார் தனக்கோடி.

"கண்டுபிடிச்சவரே தண்ணியில இறங்கினா பேச்செதுக்கு, முதலாளி? நான் மேலே கயித்தைப் பிடிச்சுக்கிறேன். நீங்க காட்டுற சைகைப்படி நடக்குறேன்" என்றாள் ஜெனோவா.

மறுநாள் வியாபாரிகள் முன்னால், சேறு கலக்கிய கண்ணாடித் தொட்டியில் தனக்கோடி இறங்கினார். பிரமாதம் என்று கட்டைவிரலை உயர்த்தினார். ஜெனோவா அவரை மேலே இழுத்தாள். முறைத்துவிட்டு மறுபடி இறங்கி, மறுபடி உயர்த்தினார். மறுபடி இழுத்தாள்.

"ஏன் இழுக்குற? சூப்பர்னுதானே காட்டினேன்!"

கூட்டம் சிரித்தது. ஒரு வியாபாரி கேட்டார்: "தண்ணிக்குள்ள கட்டைவிரலைத் தூக்கினா 'மேலே போகணும்'னு அர்த்தம். முதல் நாள் பாடம், ஐயா. நிஜமா இதைத் தைச்சது யாரு?"

கடை ஆட்கள் எல்லாரும் ஜெனோவாவைப் பார்த்தார்கள். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆர்டர்கள் அவள் பெயருக்கே வந்தன.

நல்ல தரமான கையுறைதான். அந்தச் சேற்றுத் தண்ணீரிலும் முதலாளியின் லட்சணம் கடைசி வரிசைவரை பளிச்சென்று தெரிந்ததே!