பதினேழாம் எண்

டாக்டர் சங்கரலிங்கத்துக்கு ஐம்பத்தொரு வயது. அவருடைய குரு ஜெபசெல்விக்கு நாற்பது. இருபது வருடம் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எழுதியவர் சங்கரலிங்கம். அது ஏன் வருகிறது என்று தெரியாமலே எழுதுகிறோமே என்று ஒருநாள் தோன்றியது. ஆராய்ச்சிக்கு வந்துவிட்டார். தெரிந்தவரிடம்தான் படிக்க முடியும். வயதைப் பார்த்தால் ஆகுமா.

அவர் தேடியது ஒரு ஜீனை. ரத்தத்துச் சர்க்கரையைச் சதை உறிஞ்சிக்கொள்ள உதவுவது. எல்லார் உடம்பிலும் இருக்கிறது. இருந்தால் போதாது, வேலை செய்ய வேண்டும். யாரிடம் வேலை செய்கிறது, யாரிடம் சும்மா கிடக்கிறது என்பதுதான் நாலு வருட ஆராய்ச்சி.

நாற்பது பேர் வந்தார்கள். இருபது பேர் சர்க்கரைக்காரர்கள், இருபது பேர் நோயில்லாதவர்கள். ஒவ்வொருவர் தொடையிலும் ஊசி இறக்கி, நெல்மணி அளவு சதை எடுத்தார்கள்.

சர்க்கரைக்காரர்களில் பத்தொன்பது பேரிடம் ஜீன் சும்மா கிடந்தது. ஒருவரிடம் மட்டும், நோயில்லாதவர்களைவிட அதிகமாக வேலை செய்தது. பதினேழாம் எண்.

மூன்று முறை சோதித்தார். மூன்று முறையும் அதேதான்.

ஆய்வேட்டை எழுதிக் குருவின் மேசையில் வைத்தார். கையெழுத்து ஆனால் பட்டம். ஜெபசெல்வி படித்தார்.

"பதினேழு எங்க?"

"எடுத்துட்டேன் மேடம். சாம்பிள் கெட்டிருக்கும்."

"எப்படித் தெரியும்?"

"அது மட்டும் ஒத்து வரலையே."

ஜெபசெல்வி கடைசித் தாளைப் புரட்டினார். நன்றிப் பக்கம். சதை தந்த நாற்பது பேருக்கும் நன்றி என்று எழுதியிருந்தது.

"ஆராய்ச்சியில முப்பத்தொன்பது பேர். நன்றியில நாற்பது. அந்த ஒருத்தருக்கு எதுக்கு நன்றி?"

"வந்து குத்து வாங்கினாங்களே."

"அப்போ நேர்ல போய்ச் சொல்லிட்டு வாங்க. கையெழுத்து அப்புறம்."

நர்ஸிடம் பட்டியல் இருந்தது. பதினேழாம் எண்: ஆவுடையம்மாள், முன்னீர்பள்ளம் கிராமம், பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல். திருநெல்வேலியில் ஒருவரைப் பார்க்கப் போனால் அல்வா வாங்கிப் போவது வழக்கம். சர்க்கரைக்காரிக்கு அல்வாவா? அரைக் கிலோ கொய்யாக்காய் வாங்கிக்கொண்டு எரிச்சலோடு பஸ் ஏறினார்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சாப்பிட்டுப் போயிருந்தார்கள். ஆவுடையம்மாள் அண்டா கழுவிக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் கையைத் துடைத்துவிட்டு, பெஞ்சைத் தூசி தட்டிப் போட்டார். தங்கச்சிக்குச் சர்க்கரையில் பாதத்தை எடுத்தாகிவிட்டது, பேத்தி காலாவது தப்பட்டும் என்றுதான் வந்தேன் என்றார். குத்தின இடம் நாலு நாள் வலித்தது, அண்டா இறக்க முடியவில்லை, இப்போது ஒன்றுமில்லை என்றார்.

பிறகு கேட்டார்.

"என் சதை ஒதவிச்சா ஐயா?"

சங்கரலிங்கம் கொய்யாக்காய்ப் பையை அவர் கையில் கொடுத்தார்.

"எங்கிட்ட இருக்கதயும் ஒரு பொருளா வச்சுப் பாத்தீகளே. அதுவே பெருசு" என்றார் ஆவுடையம்மாள்.

சங்கரலிங்கம் தரையைப் பார்த்தார். ஏதாவது பேச வேண்டுமே என்று, சதை எடுத்த அன்றைக்குச் சாப்பிடாமல்தானே வந்தீர்கள் என்று கேட்டுவைத்தார்.

"பச்சத்தண்ணி பல்லுல படல. நர்சம்மா மூணு தடவ கேட்டாக. பொய் சொல்வனா? மொத பஸ்ஸு வேற வரல. ஏழு மணி தாண்டுனா எடுக்க மாட்டோம்னாகளே. இருட்டோட நடையக் கட்டிட்டேன்."

"இங்கேருந்தா? நடந்தா?"

"ஓட்டமும் நடையுமா. ஏழாக அஞ்சு நிமிசம் இருக்கையில வாசல்ல நின்னேன். பெறகு நீங்க கூப்பிட்டது பத்து மணிக்கு." சிரித்தார். "திரும்பவும் வேணும்னா சொல்லுங்க. இன்னொரு தொட சும்மாதான கெடக்கு."

நன்றி சொல்லத்தான் போயிருந்தார். கும்பிட்டுவிட்டு வந்தார்.

சதை எடுக்குமுன் நிரப்பும் படிவத்தை எடுத்துப் பார்த்தார். சாப்பிட்டீர்களா என்ற கேள்வி மூன்று இடத்தில் இருந்தது. எப்படி வந்தீர்கள் என்ற கேள்வி ஒரு இடத்திலும் இல்லை. படிவத்தை எழுதியவர் அவரேதான்.

மறுநாள் குருவிடம் எல்லாவற்றையும் சொன்னார். தண்ணீர்கூடக் குடிக்காமல், இருட்டில், ஓட்டமும் நடையுமாக. ஜெபசெல்வி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"குத்தின இடம் வலிச்சுதாமா?"

"நாலு நாள்."

சங்கரலிங்கம் ஆய்வேட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"சாம்பிள் கெடல மேடம். நடந்து வந்ததாலதான் ஜீன் அப்படி வேலை செஞ்சிருக்கு. மத்தவங்க பஸ்ல, ஆட்டோல வந்திருப்பாங்க. இப்போ சரியான காரணம் கிடைச்சிருச்சு. பதினேழை விட்டுரலாம்தானே?"

ஜெபசெல்வி நன்றிப் பக்கத்தை மட்டும் உருவி, ஆய்வேட்டின் மேலே முதல் தாளாக வைத்தார். கையெழுத்துப் போடாமல் அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"மத்த பத்தொன்பது சர்க்கரைக்காரங்களும் ஒரு தடவை நடந்து வந்து குத்து வாங்குவாங்களான்னு கேளுங்க, டாக்டர்."