இலவச ரூம் சீட்டு

இதைச் சரியாகச் சொல்வேனோ என்று பயமாக இருக்கிறது. நான் ஐந்தாவதோடு நின்றவள். மறுநாள் காலை என் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு பெரிய ஓட்டல். என் நாத்தனார் பூரணம் சமையல் செய்யும் வீட்டு அம்மா, தன் கிரெடிட் கார்டுக்குக் கிடைத்த இலவச ரூம் சீட்டை எங்களுக்குக் கொடுத்திருந்தார். அன்றோடு அது காலாவதி. காசுக்கு ரூம் இருந்தால் சீட்டுக்கும் தரவேண்டும் என்பது அதன் விதி.

சீட்டை நீட்டியதும் ஓட்டல் மேனேஜர் எங்கள் கட்டைப்பையைப் பார்த்தார். "சாதா ரூம் ஒண்ணுகூட இல்லை. கிளம்புங்க."

கூட வந்திருந்த பூரணம் சோபாவில் போய் உட்கார்ந்து போன் போட்டாள். மேனேஜரின் மேஜையில் மணி அடித்தது. அவரே எடுத்தார்.

"சார், இன்னைக்குக் காசுக்குப் பத்து சாதா ரூம் கிடைக்குமா?"

"பன்னிரண்டே இருக்கு மேடம், வாங்க!"

பூரணம் போனைக் காதில் வைத்தபடியே அவர் முன்னால் போய் நின்றாள். "அவ்வளவு வேண்டாம் சார். எங்க அண்ணனுக்கு ஒண்ணு போதும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சாவி வந்தது.

என் வீட்டுக்காரர் மெத்தையில் நிம்மதியாகத் தூங்கினார். அந்த அம்மாவையும் பூரணத்தையும் நினைத்துக் கைகூப்பினேன். ஆனாலும், ரூமிலிருக்கும் குட்டி ஃப்ரிட்ஜில் எதைத் தொட்டாலும் காசு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதன் கதவை என் பழைய புடவையால் இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் படுத்தேன்.