வெண்டைக்காய் சொன்ன ஒரே பொய்

அந்தக் காலத்தில் காய்கறிகளுக்கு வாய் இருந்தது. நம்மைப் போல ஓயாமல் பேசாது. கேட்டால் பதில் சொல்லும், அவ்வளவுதான். அதனால் சந்தையில் யாரும் காயைத் தொட்டுப் பார்ப்பதோ, அமுக்கிப் பார்ப்பதோ கிடையாது. கூடைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, எப்படி இருக்கிறாய் என்று விசாரிப்பார்கள். எனக்குள் புழு இருக்கிறது, என்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவனை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கத்தரிக்காய் சொல்லிவிடும். நேற்றுப் பறித்தது, இன்றைக்கே சமைத்துவிடுங்கள் என்று கீரை சொல்லும். பாகற்காய் மட்டும் யாரும் கேட்காமலே தன் கசப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும். விற்கிறவர்களுக்கு அள்ளிப் போடுவதைத் தவிர வேலையே இல்லை. கொடுத்து வைத்தவர்கள்.

ஆற்றோரச் சந்தை ஒன்றில் மாராக்காள் என்பவள் வெண்டைக்காய் விற்று வந்தாள். கிணறு வற்றிய கோடையில் ஆற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றி அந்தச் செடிகளைக் காப்பாற்றியவள். செடிகளுக்கும் அது நினைவிருந்தது. அவளை ஆத்தா என்றுதான் கூப்பிடும்.

அவளுக்கு நெடுநாள் வாடிக்கை கருப்பாத்தா. வண்டிப்பாதை ஓரத்தில் சோற்றுக்கடை வைத்திருந்தாள். அவள் வைக்கும் வெண்டைக்காய்ப் புளிக்குழம்புக்காகவே வண்டிக்காரர்கள் பசியைப் பொறுத்துக்கொண்டு வந்து சேர்வார்கள். அந்த அடுப்பை நம்பித்தான் அவள் வீடு ஓடியது.

ஒரு தடவை மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்துக்குள் கால் வைக்க முடியவில்லை. வெண்டைக்காயோ யாருக்காகவும் காத்திருக்கிற காய் இல்லை. நேரத்தில் பறிக்காவிட்டால் விறகாகிவிடும். மழை விட்டு மாராக்காள் போய்ப் பார்த்தபோது அத்தனையும் முற்றிப்போய் நின்றன. மறுநாள் சந்தை. வீட்டில் நெல் குதிர் காலி. இதை விற்றால்தான் பிள்ளைகளுக்குக் கஞ்சி.

மாராக்காள் கெட்டவள் இல்லை. கெட்டவர்கள் மட்டும்தான் ஏமாற்றுவார்கள் என்றால் உலகத்தில் ஏமாற்றே ரொம்பக் குறைவாக இருந்திருக்கும். அவள் கூடையின் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்கிறவர்களிடம் பிஞ்சு என்று சொல்லும்படி வெண்டைக்காயைக் கெஞ்சினாள். அது தயங்கியது. அப்படிச் சொல்லிப் பழக்கமில்லையே என்றது.

"ஒரு சந்தைக்கு மட்டும் கண்ணு. கருப்பாத்தா நம்மவதானே, கோவிச்சுக்க மாட்டா" என்றாள் மாராக்காள்.

நம்மவள் என்றால் கூடுதலாக அல்லவா யோசித்திருக்க வேண்டும்? ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. வெண்டைக்காய்க்கும், கோடையில் தண்ணீர் சுமந்த தோள்தான் கண்ணுக்குத் தெரிந்தது. சரி என்று சொல்லிவிட்டது.

மறுநாள் கருப்பாத்தா வந்தாள். வழக்கம்போல் குந்தி உட்கார்ந்து கேட்டாள். "பிஞ்சுதானுங்க" என்றது வெண்டைக்காய். அவள் மறுபேச்சுப் பேசாமல் கூடையோடு வாங்கிக்கொண்டு போனாள். பக்கத்துக் கூடைக் கத்தரிக்காய்க்கு விஷயம் தெரிந்துதான் இருந்தது. நமக்கென்ன வந்தது என்று வாயை மூடிக்கொண்டது.

நறுக்கும்போது கத்தி இறங்க மறுத்தது; காயே பிஞ்சு என்று சொன்ன பிறகு சந்தேகம் எதற்கு என்று கருப்பாத்தா குழம்பில் போட்டுவிட்டாள். அன்று மத்தியானம் சோற்றுக்கடையில் வண்டிக்காரர்கள் மென்றார்கள், மென்றார்கள், மென்றுகொண்டே இருந்தார்கள். இலை ஓரத்தில் சக்கையும் நாரும் குவிந்தன. யாரும் சண்டை போடவில்லை. முத்தலைப் போட்டு எங்களை ஏய்க்கப் பார்க்கிறாளே என்று தங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டு கைகழுவிப் போனார்கள். மறுநாள் வண்டிகள் அந்தக் கடையைத் தாண்டி நேராகப் போயின. அதற்கு அடுத்த நாளும் போயின. தான் செய்யாத தப்புக்குக் கருப்பாத்தா அணைந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நினைத்தால் வயிறு எரிகிறது.

அடுத்த சந்தைக்கு அவள் வந்தாள். மாராக்காளோடு மல்லுக்கு நிற்கப் போகிறாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. நான் நன்றாக இருக்கிறேன் என்று கத்தரிக்காய் தானாகவே சொல்லிப் பார்த்தது. அது உண்மைதான். ஆனாலும் கருப்பாத்தா அதைக் கடந்து போனாள். பூசணி சொன்னது, கீரை சொன்னது. ஒன்றையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விஷயம் அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்ததால் மற்றவர்களும் அப்படியே கடந்து போனார்கள். பொய் சொன்னது ஒரு கூடை. பேச்சுக்கு மதிப்பை இழந்தது சந்தை முழுவதும்.

மாராக்காளுக்கு உடம்பு கூசியது. எழுந்து போய்க் கருப்பாத்தாவின் கையைப் பிடித்தாள்.

"அது மேல குத்தமில்ல கருப்பாத்தா. நாந்தான் சொல்ல வெச்சேன்."

"உன்ற வீட்டுல கஞ்சியில்லைன்னு சொல்லியிருந்தா முத்தலையே வாங்கிட்டுப் போய் மாட்டுக்குப் போட்டிருப்பேன் மாராக்கா" என்றாள் கருப்பாத்தா. "இனி நீ சொன்னாலும் நம்ப முடியல. அது சொன்னாலும் நம்ப முடியல. நான் என்ன பண்ணட்டும்?"

கூடைக்குள் இருந்த வெண்டைக்காய்தான் பேசியது.

"எஞ்சொல்லை நம்ப வேண்டாமுங்க. என்ற நுனியை ஒடிச்சுப் பாருங்க. பிஞ்சா இருந்தா உடனே ஒடியும். முத்தலா இருந்தா வளையும்."

வலிக்காதா என்று மாராக்காள் பதறினாள்.

"வலிக்குமுங்க ஆத்தா. பொய் சொன்னப்ப வலிக்கலையே, அதுதான் தப்பாப் போச்சு."

கருப்பாத்தா ஒரு காயை எடுத்து நுனியை ஒடித்தாள். சட்டென்று ஒடிந்தது. அதை மடியில் போட்டுக்கொண்டு அடுத்ததை எடுத்தாள். அது வளைந்தது. மாராக்காள் தானே அதை வாங்கிப் பின்னால் போட்டாள். ஒடித்த காயை வேறு யார் வாங்குவார்கள், வாடிப்போகுமே என்ற கவலை அவளுக்கும் வந்தது. வந்தாலும் வாயைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் சோற்றுக்கடை அடுப்பு புகைந்தது. வண்டிகள் திரும்பி வரக் கொஞ்ச காலம் பிடித்தது, ஆனால் வந்தன.

காய்கறிகள் அதன் பிறகு மெல்ல மெல்லப் பேச்சை விட்டுவிட்டன. கேட்பதற்கு ஆள் இல்லாதபோது எத்தனை நாளைக்குத்தான் சொல்லிக்கொண்டிருப்பது? உண்மையைச் சொல்லும் வேலை விற்கிறவர்கள் தலையில் விழுந்தது. அதைச் சிலர் செய்கிறார்கள், சிலர் செய்வதில்லை.

அன்று முதல்தான் வெண்டைக்காய் வாங்குகிறவர்கள் ஒவ்வொன்றாக எடுத்து நுனியை ஒடித்துப் பார்க்கிறார்கள்; நாணயமான கடைக்காரர் அதைப் பார்த்தும் பேசாமல் இருக்கிறார், ஒடிக்காதே என்று சத்தம் போடுகிறவர் கடையிலிருந்து நம் கால்கள் தாமாகவே அடுத்த கடைக்குப் போய்விடுகின்றன.