துவைக்காத சேலை

அதிபர் இரவோடு இரவாக ஓடிப்போன நாடு அது. விடிந்ததும் ஜனங்கள் மாளிகைக்குள் புகுந்து அடுக்களை வரை பார்த்தார்கள். அடுப்பில் அரிசி வெந்துகொண்டிருந்ததாம். சாப்பிட ஆள்தான் இல்லை.

யாரை உட்கார வைப்பது என்று சில நாள் அடித்துக்கொண்டார்கள். கடைசியில், ஊர்வலம் போன பிள்ளைகளே ஆற்றங்கரை ஆசிரமத்துக்கு வந்து இன்பநாதனைக் கேட்டார்கள். தேர்தல் நடக்கும்வரை இடைக்கால அரசுக்கு நீங்கள் தலைவராக இருங்கள் என்றார்கள். அவர் ஓய்வுபெற்ற நீதிபதி. கட்சி இல்லை, மகன் இல்லை, மருமகன் இல்லை. இதைவிட என்ன தகுதி வேண்டும்?

ஆசிரமத்துக் குரு தவமணி அம்மை, சீடரான அவரைவிட வயதில் இளையவர். போய் வாங்க என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

வருடம் திரும்பும் முன்பே இன்பநாதன் வந்து நின்றார். காவலர்களை வாசலில் நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே வந்தார்.

"வாங்க, நாட்டுக்கே அப்பா," என்றார் அம்மை, கீரையை ஆய்ந்தபடி. "இளைச்சிருப்பீங்கன்னு நினைச்சேன். தேறித்தான் இருக்கீங்க."

இன்பநாதன் சிரித்தார். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னார். கடைகள் திறந்துவிட்டன. பஸ் ஓடுகிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். தேர்தல் என்று பேச்செடுத்தாலே மறுபடியும் கல்லும் தீயும் கிளம்பும் என்று கூட இருப்பவர்கள் சொல்கிறார்கள். இரண்டு வருடம் தள்ளிவைக்க உத்தரவு தயார். அவர் கையெழுத்துதான் பாக்கி.

"போற இடத்துல எல்லாம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கறாங்க, தாயே." சொல்லும்போதே அவர் குரல் குழைந்தது. அந்தக் கையை அதற்கு முன் யாரும் அப்படிப் பிடித்ததில்லை. "போட்டுடவா?"

உள்ளே தூளியில் ஒரு குழந்தை சிணுங்கியது.

"அதுக்குப் பதில் அப்புறம் சொல்றேன். முதல்ல அதை ஆட்டுங்க," என்றார் அம்மை. "பால் காய்ச்சிட்டு வந்துடறேன்."

யார் குழந்தை என்று இன்பநாதன் கேட்டார். மரகதம் என்கிற பெண்ணுடையதாம். கலவரத்தின்போது பாலத்தில் வைத்துப் போலீஸ் அவளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரி குழந்தையைத் தூளிச் சேலையோடு கொண்டுவந்து விட்டுப் போனாள்.

"பிடிச்சது பழைய அரசு," என்றார் அம்மை. "உங்க அரசு இன்னைக்குத்தான் விட்டிருக்கு. சாயங்காலத்துக்குள்ள வந்துடுவா."

ஒவ்வொரு கைதியின் விவரமும் பார்த்துத்தானே விடமுடியும் என்று இன்பநாதன் விளக்கத் தொடங்கினார். அம்மை அடுக்களைக்குப் போய்விட்டிருந்தார்.

தூளியை ஆட்டினார். அந்தச் சேலையிலிருந்து புளித்த பாலும் வியர்வையும் கலந்த வாடை அடித்தது. நிறம் இன்னதென்று சொல்ல முடியவில்லை. பச்சைக் குழந்தையை இதிலா போட்டு வைப்பது? குழந்தையைப் பாயில் விட்டுவிட்டு முடிச்சை அவிழ்த்தார். கிணற்றடிக்குக் கொண்டுபோய், சோப்புப் போட்டு, தன் கையாலேயே கசக்கிப் பிழிந்து கொடியில் உலர்த்தினார். தோளில் கிடந்த பட்டுச் சால்வையைத் தூளியாகக் கட்டினார். மனதுக்கு நிறைவாக இருந்தது.

பட்டில் போட்டதும் குழந்தை வீறிட்டது.

பால் கிண்ணத்தோடு வந்த அம்மை கொடியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அழுக்கா இருந்தது, தாயே."

"நான் இத்தனை மாசமா அதுல தண்ணி படவிடல. அழறப்ப ஓரத்தை மூக்குகிட்ட வெச்சா அடங்கிடும்."

இன்பநாதனுக்கு இன்னும் புரியவில்லை. "அவ்வளவு அழுக்கு..." என்றார்.

"ஆமா. அவளோட அழுக்கு."

அவர் கொடிக்கு ஓடினார். ஈரச் சேலையை முகத்தோடு வைத்து முகர்ந்தார். முதலில் ஒரு மூலை, பிறகு இன்னொரு மூலை. சோப்பு மட்டும் மணத்தது.

குழந்தை பாலைத் தொடவில்லை. இன்பநாதன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். தாலாட்டுத் தெரியாததால், தீர்ப்பு வாசித்துப் பழகிய குரலில் என்னவோ முனகினார். வெயில் தாழும்போது, அழுது ஓய்ந்து, அவர் காதைப் பிடித்தபடியே குழந்தை தூங்கிப்போனது.

அப்போது மரகதம் வந்தாள். வாசலில் காவலர்கள் அவள் பையைக் கொட்டிப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். முற்றத்தில் இன்பநாதனைக் கண்டதும் அங்கேயே நின்றுவிட்டாள். அவர் படம் இப்போது சிறைச் சுவரிலும் மாட்டியிருந்தது.

பல் முளைத்துவிட்டதா என்று அம்மையிடம் மெதுவாகக் கேட்டாள். கீழே வந்திருக்கிறது என்றார் அம்மை. கால் நீண்டுவிட்டதே என்றாள். தோளிலிருந்து தொங்கிய அந்தப் பாதத்தை நோக்கிக் கையை நீட்டினாள். தொடுவதற்கு முன் இழுத்துக்கொண்டாள்.

"தூங்கட்டும், ஐயா," என்றாள். "உங்ககிட்ட நல்லாத்தான் இருக்கு. நான் நிக்கறேன்."

வற்றிப்போன மார்பை முந்தானையால் இழுத்து மூடிக்கொண்டு நின்றாள். கண் மட்டும் அந்தப் பாதத்தை விட்டு நகரவில்லை.

குழந்தையின் மூச்சு இன்பநாதனின் கழுத்தில் சுடச்சுடப் பட்டது. அந்தச் சின்னக் கனத்தை இறக்க அவருக்கு மனம் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம். இருட்டும் வரைக்கும்.

"இப்பத்தான் அடங்கியிருக்கு, தாயே," என்றார், கெஞ்சுகிறவர் போல. "கை மாத்தினா முழிச்சுக்கும். இவ முகமே மறந்திருக்கும். பயந்துபோய் அழும்."

"அழும்தான்," என்றார் அம்மை. "அவ மடியில கிடந்து அழட்டும்."