புகையைக் கண்டு ஓடி வந்த விருந்தாளிகள்

ரொம்ப காலத்துக்கு முன்னால், வெள்ளாற்றுக்கு இக்கரையில் தும்பைநாடு என்று ஒரு சீமை இருந்தது. அதை வீரகேசரி என்ற ராஜா ஆண்டு வந்தார். தங்கமான மனுஷர்தான். ஆனால் ஒரு கிறுக்கு. புகை என்றால் அவருக்கு உயிர்!

"பெரிய புகை எழுகிற ஊரில்தான் பெரிய சாப்பாடு, பிரபு. பார்க்கிறவன் வாயைப் பிளக்க வேண்டாமா?" என்று விறகு அதிகாரி ஏகாம்பரம் எப்போதோ ஓதிவிட்டார். ராஜா அதைப் பிடித்துக்கொண்டார். வருஷா வருஷம் அதிகப் புகை விடுகிறவருக்குப் பட்டுச் சால்வை என்று முரசு அறைந்தார். அவ்வளவுதான். வெல்ல ஆலைக்காரர்களும் செங்கல் சூளைக்காரர்களும் வேண்டுமென்றே பச்சை விறகைப் போட்டு ஊதினார்கள். அரண்மனை மடைப்பள்ளியில் சோறு வடித்து, எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் அடுப்பு எரிந்தது.

மலை மொட்டையாகிவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஓர் இலுப்பைத் தோப்பு. அதன் நடுவில்தான் ஊரே குடிக்கிற ஊற்று.

ஒருநாள் சபையில் ஏகாம்பரம் எழுந்தார். "மகாராஜா, விறகுக் கொட்டடியில் பத்து நாளுக்குத்தான் இருக்கிறது. இலுப்பைத் தோப்பில் கோடரி வைக்க உத்தரவு வேண்டும்."

மந்திரி செவ்வந்தியப்பர் பதறி எழுந்தார். "பிரபு, மரம் போனால் ஊற்றும் போய்விடும்."

"பார்த்தீர்களா! மந்திரிக்கு நம் புகையைக் கண்டால் வயிற்றெரிச்சல்," என்றார் ஏகாம்பரம்.

"பத்து நாள் கழித்து வெட்டட்டும்," என்று சொல்லிவிட்டு ராஜா எழுந்துவிட்டார்.

மந்திரி நேரே தோப்புக்குப் போனார். ஊற்றில் ஒரு கை அள்ளிக் குடித்தார். இது பாலாக இனிக்கிறதே, இதையா அடுப்பில் போடப் போகிறார்கள் என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தார். சட்டென்று முகம் தெளிந்தது.

மறுநாள் ராஜா அதிரசம் சாப்பிடும் நேரம் பார்த்து ஓர் ஓலையை நீட்டினார். "அக்கரை ராஜாவோடு நட்பு ஓலை, பிரபு. ஒரு நாட்டில் பெரும்புகை எழுந்தால் ஆபத்து என்று எண்ணி, அடுத்த நாட்டார் தண்ணீர்க் குடத்தோடு ஓடி வர வேண்டும். யார் இடத்துப் புகையோ, அவர் வந்தவர்களுக்கு வயிறாரச் சாப்பாடு போட வேண்டும்."

"பேஷ், பேஷ்!" என்று ராஜா எண்ணெய்க் கையோடு முத்திரை வைத்தார்.

மூன்றாம் நாள் காலை இருநூறு பேர் குடமும் கையுமாக அரண்மனைக்குள் புகுந்தார்கள். "எங்கே தீ? எங்கே தீ?" அக்கரைத் தலையாரி மடைப்பள்ளி அடுப்பிலேயே ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிவிட்டார்.

"தீ இல்லையப்பா, சமையல்!" என்று ராஜா கத்தினார்.

"வெறும் சமையலுக்கா இவ்வளவு புகை? ஐயோ பாவம், அடுப்பு போட ஆள் இல்லையா?"

ராஜாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! சரி, வந்தவர்களைச் சும்மா அனுப்ப முடியுமா? இருநூறு பேருக்கு உலை வைத்தார்கள். புகை இரட்டிப்பாக எழுந்தது. மறுநாள் நானூறு பேர் வந்தார்கள். அவர்களுக்குச் சமைத்த புகைக்கு எண்ணூறு பேர்! சூளையிலும் ஆலையிலும் இதே கூத்து. சால்வை வாங்கியவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள்.

"மந்திரி, அந்த ஓலையைக் கிழித்துவிடலாமா?" என்றார் ராஜா பரிதாபமாக.

"தங்கள் முத்திரை ஆயிற்றே, பிரபு."

"அப்படியானால் நான் சமைக்காமல் பட்டினி கிடப்பதா?"

"புகையாமல் சமைத்தால் போயிற்று," என்று மந்திரி குயவர் தெரு மாடத்தியை அழைத்து வந்தார்.

ஏகாம்பரம் சிரித்தார். "மண் பிசைகிறவள் மடைப்பள்ளிக்குப் பாடம் சொல்வதா?"

"உங்க அடுப்பு விறகைத் திங்கலைங்க சாமி, துப்புது," என்றாள் மாடத்தி. "புகைன்னா என்ன? சரியா எரியாத விறகு. அவ்வளவுதான்."

அவள் விறகு வைக்க ஒரே வாய் விட்டு, அந்தத் தீயே போய்ச் சேரும்படி பக்கத்துக்கு ஒன்றாகக் கோடி அடுப்பும் சேர்த்துப் பூசினாள். ஒரு தீயில் மூன்று பானை. ஆலைக்காரர்கள் ஆற்றில் கொட்டிக்கொண்டிருந்த கரும்புச் சக்கையைக் காயவைத்து எரித்தாள். கூரைக்கு மேலே பார்த்தால் ஒன்றுமே இல்லை.

"புகையைக் காணோம், சோறு எப்படி வேகும்? வெந்திருந்தால் என் தலைப்பாகையை இவள் கையில் கொடுக்கிறேன்!" என்றார் ஏகாம்பரம்.

மூடியைத் திறந்தாள். சோறு மல்லிகைப் பூவாக மலர்ந்திருந்தது. ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "ஓய், கழற்றும்!"

"சுடுபானை இறக்கப் பிடிதுணி இல்லையேன்னு பார்த்தேன்," என்று மாடத்தி தலைப்பாகையை வாங்கிப் பானையைப் பிடித்து இறக்கினாள்.

அடுத்த நாளே சூளைக்காரர்களும் ஆலைக்காரர்களும் மந்திரி வாசலில் வரிசையில் நின்றார்கள். "ஐயா, எங்களுக்கும் அந்த அம்மாவை அனுப்புங்க!" மாடத்தி ஊர் ஊராகப் போனாள். ராஜா உத்தரவுப்படி ஏகாம்பரம் மண் கூடையைச் சுமந்துகொண்டு பின்னாலேயே போனார். பட்டுச் சால்வை அந்த வருஷம் மாடத்திக்கு. மந்திரி கேட்டது ஒன்றுதான். இலுப்பைத் தோப்பில் கோடரி படக்கூடாது. ராஜா அதற்கும் முத்திரை வைத்தார், இந்த முறை கையைக் கழுவிக்கொண்டு.

ஒரு மாதம் போயிற்று. அக்கரையார் மறுபடி வந்தார்கள். குடம் இல்லை, தலையில் அரிசி மூட்டை!

"மகாராஜா, ஒரு மாசமா இந்தப் பக்கம் புகையே காணோம். பஞ்சமோன்னு பதறிட்டோம்," என்றார் தலையாரி.

ராஜா அவர்களைத் தோப்புக்குக் கூட்டிப்போய், ஊற்றோரம் நிழலில் இலை போட்டார். சோறும் குழம்பும் ஆவி பறக்க வந்தன. தலையாரி மூன்றாம் முறை சோறு வாங்கிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எங்கே வச்சுச் சமைச்சீங்க, மகாராஜா?"

"உமக்குப் பின்னால்தான்."

தலையாரி திரும்பினார். நாலடி தள்ளி, மாடத்தியின் அடுப்பில் மூன்று பானைகள் கொதித்துக்கொண்டிருந்தன. பார்த்த கண்ணை எடுக்காமல் இலையை மடித்தார்.

"மகாராஜா, அரிசியை நீங்களே வச்சுக்குங்க. இந்தம்மாவை மட்டும் நாலு நாள் எங்க ஊருக்கு அனுப்பிவையுங்க."