கழி எந்தத் தோளில்?

செம்பில் கிழக்கே நடப்பான். தாளில் மேற்கே நடப்பான். ஆனால் ஓர் அடிகூட நகர மாட்டான். அவன் யார், சொல்லுங்கள்?

தெரியவில்லையா? செம்புத் தகட்டில் செதுக்கிய மனிதன். தகட்டில் மை தடவி, தாளை வைத்து அழுத்தினால் இடமும் வலமும் மாறிவிடும். புதிதாகத் தொழில் பழகுகிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள். லீஸ்பெத்தும் மறந்துவிட்டாள்.

லீஸ்பெத் ஹாலந்து நாட்டுக் குடியானவர் ஒருவரின் மகள். கடல் கரையை உடைத்துக்கொண்டு வயலுக்குள் வந்த அன்று, அவளை ஒரு படகு ஏற்றிக்கொண்டது. அவள் அப்பாவை வேறொரு படகு. அதன்பின் அவரை அவள் பார்க்கவே இல்லை.

இப்போது யொஹானாவின் பட்டறையில் செதுக்குவேலை கற்கிறாள்.

யொஹானா ஒரு புயலைச் செதுக்கிக்கொண்டிருந்தாள். கருமேகம், வேரோடு சாயும் ஓக் மரம், அதனடியில் ஒரு பாதை.

"அக்கா, அந்தப் பாதையில் என் அப்பாவைச் செதுக்கட்டுமா? இந்தப் படங்களைச் சந்தை சந்தையாகக் கொண்டுபோய் விற்கிறார்களே. அவர் கண்ணில் பட்டால், எங்கே அச்சானது என்று கேட்டுக்கொண்டு வந்துவிடுவார்."

"செதுக்கு. ஆனால் பார்லி மணி அளவுதான்."

"அதில் முகம் எப்படி அக்கா வரும்?"

"அவர் தூரத்தில் வரும்போது முகத்தைப் பார்த்தா கண்டுபிடித்தாய்?"

"இல்லை. அவர் இடக்கைக்காரர். மாடு ஓட்டும் கழியை இடது தோளில்தான் சாய்த்திருப்பார். எங்கள் ஊரில் வேறு யாரும் அப்படி இல்லை."

"அப்புறம் என்ன?"

லீஸ்பெத் செதுக்கினாள்.

முதல் தாளை உரித்தெடுத்தார்கள். கழி வலது தோளில் இருந்தது.

"ஐயோ, இது வேறு யாரோ!"

"யாரானால் என்ன, நல்ல உழைப்பாளியாகத் தெரிகிறார்."

"சிரிக்காதீர்கள் அக்கா. சுரண்டிவிட்டு மறுபடி செதுக்குகிறேன்." சுரண்டுகத்தியை எடுத்தாள்.

"சுரண்டு. அதற்கு முன் ஒன்று சொல். உன் அப்பா தன்னை எங்கே பார்த்திருக்கிறார்? வீட்டில் கண்ணாடி உண்டா?"

"எங்கள் வீட்டிலா? கண்ணாடியா? வாய்க்கால் தண்ணீரில்தான் பார்ப்பார். சவரம்கூட அங்கேதான்."

தாள்களை ஊறவைக்கும் தொட்டியருகே யொஹானா அவளை அழைத்துப் போனாள். சுரண்டுகத்தியை இடது தோளில் சாய்த்துப் பிடிக்கச் சொன்னாள்.

லீஸ்பெத் குனிந்து பார்த்தாள்.

தண்ணீருக்குள் இருந்த பெண் அதை வலது தோளில் சாய்த்திருந்தாள்.

வெகுநேரம் அவள் நிமிரவில்லை.

"அப்படியானால் படத்தில் இருப்பது அப்பாவுக்குத் தெரிந்த அப்பா," என்றாள். "எனக்குத் தெரிந்தவர் இல்லை."

"ஆமாம்."

"படத்திலாவது அவரைப் பார்க்கலாம் என்று இருந்தேன், அக்கா."

யொஹானா அடுத்த தாளைத் தொட்டியில் நனைத்தாள்.

லீஸ்பெத் தகட்டைச் சுரண்டவில்லை.