ஆற்றை அளக்க வந்தவர்கள்

ஓர் ஊரின் எல்லையில் கொன்றையாறு என்றொரு சின்ன ஆறு இருந்தது. பங்குனி வெயிலில் மெலிந்துபோய், மணலின் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது.

ஒருநாள் காலை, மேலே நின்ற பாலம் கூப்பிட்டுச் சொன்னது: "அக்கா, நாலாம் வகுப்புப் பிள்ளைங்க வர்றாங்க. உன்னை அளக்கப் போறாங்களாம்."

ஆறு பதறியது. "இப்பவா? ஐப்பசியில வரச் சொல்லேன் தம்பி. கரை தொட்டு ஓடிக் காட்டுறேன்."

அதற்குள் பிள்ளைகள் இறங்கி வந்துவிட்டார்கள். ஹெலன் டீச்சர் இருபது அடி இடைவெளியில் இரண்டு குச்சிகளை நட்டார். "இந்தக் குச்சியிலேருந்து அந்தக் குச்சிக்கு இலை போக எத்தனை நொடி ஆகுதுன்னு எண்ணுங்க."

ஃபரீதா என்ற சிறுமி ஒரு பூவரசு இலையை மிதக்கவிட்டாள். இலை நாலடி போய் நின்றது. மணலில் புதைந்த பாலிதீன் பை ஒன்று வழியை மறித்திருந்தது.

"இழு அக்கா!" என்றது இலை.

"இழுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். முடியலையே!"

"எழுபது... எண்பது..." என்று பிள்ளைகள் எண்ணிக்கொண்டே போனார்கள்.

"டீச்சர், இது ஆறு இல்ல, குட்டை" என்றான் ஒருவன். "வேகம் பூஜ்யம்னு எழுதிக்கலாமா?"

ஆற்றுக்கு அழுகை முட்டியது. மலையிலிருந்து இத்தனை தூரம் வந்தும் பூஜ்யமா?

ஃபரீதா எழுதவில்லை. முழங்காலிட்டுக் குனிந்து பார்த்தாள். இலையின் காம்பு விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"இருங்க டீச்சர். தண்ணி தள்ளிக்கிட்டேதான் இருக்கு. பைதான் விடமாட்டேங்குது."

டீச்சர் ஒரு கொம்பால் பையை நெம்பி எடுத்தார். ஆறு பெருமூச்சு விட்டது. இலையை முதல் குச்சியருகே மறுபடியும் விட்டார்கள். அது ஒரு சுற்றுச் சுற்றிக் கிளம்பியது. "வா, வா!" என்று கத்திக்கொண்டே பிள்ளைகள் கரையோரமாக நடந்தார்கள். இலை அடுத்த குச்சியைத் தொட்டபோது கைதட்டல் பாலத்தையே அதிரவைத்தது.

ஃபரீதா நோட்டில் எழுதினாள்: 'கொன்றையாறு ஓடுகிறது. இருபது அடிக்கு நூற்றிருபது நொடி.'

பிள்ளைகள் போனபின் பாலம் தயங்கிக் கேட்டது: "ரெண்டு நிமிஷமா? ரொம்ப மெதுவாச்சே. வருத்தமா அக்கா?"

"இல்ல தம்பி" என்றது ஆறு. "அந்த ரெண்டு நிமிஷமும் பிள்ளைங்க என்கூடவே நடந்து வந்தாங்க."